ஏபி பாடங்கள் எடுத்தால் ஜிபிஏ ஏறுமா, இறங்குமா?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பை முடிக்கப் போகிறான், எல்லாப் பாடத்திலும் 'ஏ'. பத்தாம் வகுப்பில் ஏபி உலக வரலாறு, ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ இரண்டையும் (ஏபி என்றால் பள்ளியிலேயே படிக்கும் காலேஜ் தரப் பாடம்) எடுக்கலாமா, எடுத்தால் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். நாங்களும் டெக்சாஸ்தான். என் மகள் இதே வழியில் போய் இப்போது காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 'ஏ' என்றால் 4, 'பி' என்றால் 3, 'சி' என்றால் 2. இதை அப்படியே சராசரி எடுத்தால் அன்வெயிட்டட் ஜிபிஏ. ஏபி பாடத்துக்கு ஒரு புள்ளியும் ஹானர்ஸ் பாடத்துக்கு (சாதாரண வகுப்பைவிடச் சற்றுக் கடினமானது) அரைப் புள்ளியும் கூட்டிச் சராசரி எடுத்தால் வெயிட்டட். பல பள்ளிகளில் இதுதான் வழக்கம். பள்ளி டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் அளவு மாறும். சில இடங்களில் உச்சம் 5, சில இடங்களில் 6. உங்கள் பள்ளியின் அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இந்தக் கணக்குப்படி ஏபியில் 'பி' வாங்குவதும் சாதாரண வகுப்பில் 'ஏ' வாங்குவதும் ஒன்று, ஆனால் வெயிட்டடில் மட்டும். அன்வெயிட்டடில் அது வெறும் 3தான். ஏபியில் 'சி' வந்தால் இரண்டு கணக்கிலும் அடி. கூடுதல் புள்ளி ஒரு படி சறுக்கலைத்தான் தாங்கும், இரண்டு படியைத் தாங்காது.

இதை நான் தெரிந்துகொண்டது மகளின் பத்தாம் வகுப்பில். தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எடுக்கிறார்கள் என்று ஒரே வருடத்தில் மூன்று ஏபி எடுக்க வைத்தோம். அதில் ஒன்று பிசிக்ஸ் 1. பல வருடங்களாக அந்தத் தேர்வு எழுதியவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் 5க்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தினமும் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பாள். முதல் செமஸ்டர் முடிவில் மூன்று ஏபியிலும் 'பி', 'பி', 'சி'. அதைவிட எனக்கு வலித்தது ஆங்கிலம். அவளுக்கு மிகப் பிடித்த பாடம், சாதாரண வகுப்பு, எப்போதும் 'ஏ'. அதுவும் 'பி' ஆகிவிட்டது. ஏழு பாடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: வெயிட்டட் 3.71, அன்வெயிட்டட் 3.29. ஒரே ஒரு ஏபி எடுத்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கியிருந்தால் 4.14, 4.0. பலரும் ஏபி பாடத்தின் கிரேடை மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பாடம் மற்ற ஆறு பாடங்களின் நேரத்தைத் தின்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது, ஜிபிஏ என்று ஒரே ஒரு எண் கிடையாது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் போனவர்களுக்கு 200க்குக் கட்-ஆஃப் போட்டுப் பழக்கம்: கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. கவுன்சலிங்குக்கு வரும் எல்லாருக்கும் அதே சூத்திரம். இங்கே அப்படி இல்லை, யார் கையில் டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளியின் கிரேடு பட்டியல்) போகிறதோ அவர்கள் தங்கள் வழியில் கணக்குப் போடுவார்கள்.

நம் டெக்சாஸில் முக்கியமானது ரேங்க். 1997இல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் மட்டும் வரம்பு இறங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். (பல்கலைக்கழகத்தில்தான் இடம் உறுதி, கேட்ட துறையில் அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ் தனிப் போட்டி.) பெரும்பாலான பள்ளிகள் இந்த ரேங்கை வெயிட்டடை வைத்துத்தான் போடுகின்றன. ஆஸ்டின்தான் குறி என்றால் ஏபி எடுக்காமல் ரேங்க் பிடிப்பது கஷ்டம்.

பெர்க்லி, யூசிஎல்ஏ போன்ற கலிபோர்னியா பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தால் கதையே வேறு. ஒன்பதாம் வகுப்பு கிரேடு அவர்களுடைய ஜிபிஏயில் சேராது, பத்தும் பதினொன்றும்தான். கூடுதல் புள்ளி அதிகபட்சம் எட்டு செமஸ்டர் கிரேடுகளுக்கு (ஒரு பாடம் ஒரு செமஸ்டர் படித்தால் ஒன்று), அதிலும் பத்தாம் வகுப்பில் வாங்கியவை நான்கு மட்டுமே. வெளிமாநில மாணவர்களின் பள்ளி ஹானர்ஸுக்குப் புள்ளி கிடையாது, ஏபி, ஐபி (சர்வதேசப் பாடத்திட்டம்) போன்றவற்றுக்குத்தான். ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகைக்கோ, பள்ளி கூட்டிய புள்ளியை எடுத்துவிட்டு, முக்கியப் பாடங்களின் ஏபியில் 'பி', 'சி', 'டி' வாங்கியவர்களுக்கு அரைப் புள்ளி சேர்ப்பார்கள்.

மே மாதம் எழுதும் ஏபி தேர்வையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் 1 முதல் 5 வரையான மதிப்பெண் ஜூலையில் வரும். காலேஜில் கிரெடிட் வாங்க அது உதவும். ஜிபிஏயில் ஏறுவது வகுப்பில் வாங்கிய கிரேடு.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் என் மகள் பள்ளியின் ஆர்கெஸ்ட்ரா வகுப்பை விட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து வயலின். ஆறு ஏபி எடுத்து ஆறிலும் 'ஏ' வாங்குபவருக்கு 5.0, அவரே ஆர்கெஸ்ட்ராவும் எடுத்து அதிலும் 'ஏ' வாங்கினால் 4.86. 'ஏ' வாங்கியும் சராசரி இறங்குகிறது. இந்தக் கணக்கைக் காட்டி விடச் சொன்னது நான். ரேங்க் மூன்று இடம் ஏறியது. அவள் சேர்ந்த காலேஜுக்கு அந்த மூன்று இடத்தால் எந்தப் பயனும் இல்லை. வயலின் பெட்டி இன்னும் அவள் அறையில் மூடியே கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் மனது உறுத்துகிறது. சில டிஸ்ட்ரிக்டுகளில் இசை, விளையாட்டு கிரேடுகளை ரேங்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எங்கள் பள்ளியில் எப்படி என்று கவுன்சிலரிடம் நான் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள்.

சரி, உங்கள் மகன் விஷயம். அவன் ஏற்கெனவே பைத்தான் எழுதுகிறான் என்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ ஜாவாவில் நடக்கும், ஆனாலும் அடிப்படை இருப்பதால் தாராளமாக எடுக்கட்டும். உலக வரலாறுதான் யோசிக்க வேண்டியது, வாசிப்பும் கட்டுரையும் மிக அதிகம். மேல் வகுப்புப் பிள்ளை யாரிடமாவது அந்தப் பாடப்புத்தகத்தை இந்தக் கோடை விடுமுறையில் வாங்குங்கள். ஒரு அத்தியாயம் படித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். இரண்டு மணி நேரத்தில் முடித்து, எழுதியதைப் பற்றி உங்களிடம் பேச வந்தால் இரண்டு ஏபியும் எடுக்கலாம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்றால் இந்த வருடம் கம்ப்யூட்டர் மட்டும் போதும். எப்படியிருந்தாலும், பாட லெவலை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி எது என்று பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். நாங்கள் அந்தத் தேதியைத் தவறவிட்டதால்தான் பிசிக்ஸிலிருந்து அவளை வெளியே எடுக்க முடியாமல் போனது.