அடுத்த பாகத்தை எப்படிப் படிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாயாஜாலத் தொடர் நாவல்களின் பிந்திய பாகங்கள் குறித்து மதுரை வட்டார வாசகர்கள் கேட்டவையும், அவற்றுக்கு வாசிப்பு வட்டத்து அக்கா ஒருவர் தந்த பதில்களும்.

திருமங்கலம் வாசகர்: அக்கா, ஹாரி பாட்டர் நாலு பாகம் போன வருசமே முடிச்சாச்சு. அஞ்சாவது இப்பத்தான் கையில கிடைச்சிருக்கு. பழசு பாதி மறந்துபோச்சு. மறுபடியும் முதல்ல இருந்து படிக்கணுமா?

வேண்டாம் தம்பி. நாலாம் பாகத்தின் 31 முதல் 37 வரையுள்ள அத்தியாயங்களை மட்டும் மறுபடி படிங்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முக்கியமாக 36ஆம் அத்தியாயம். நடந்ததை அமைச்சர் நம்ப மறுக்கிற இடம் அது. ஐந்தாம் பாகம் முழுக்க அந்த மறுப்பின் மேல்தான் நிற்கிறது. அது மனசில் இல்லாவிட்டால், எல்லோரும் ஏன் ஹாரியைப் பொய்யன் என்கிறார்கள் என்று புரியாமலே நூறு பக்கம் ஓடிவிடும்.

பிறகு ஒரு அரைத்தாளில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: யார் யார் பக்கம், யாருக்கு எந்த ரகசியம் தெரியும், எந்தக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. இதை ஞாபகத்திலிருந்தே எழுதுங்கள். இணையத்தில் கதைச்சுருக்கம் தேடவே தேடாதீர்கள். தேடல் பெட்டியில் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தட்டினாலே, 'எப்படி இறந்தார்' என்று அதுவே எடுத்துக் கொடுக்கும்.

அதே வாசகர்: ஆரம்பிச்சேன்க்கா, ரொம்ப இழுக்குதே.

முதல் மூன்று பாகங்களில் 17, 18, 22 அத்தியாயங்கள்தான். ஒரு மர்மம் கிளம்பும், பள்ளி ஆண்டு முடிவதற்குள் அவிழும். ஐந்தாவதில் 38 அத்தியாயம். அதில் மர்மத்தைவிட நெருக்கடிதான் அதிகம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு உத்தரவாகப் போட்டுக் கழுத்தை இறுக்குவதை மெதுவாகக் காட்டுகிறார் ரோலிங். ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் சலிப்பு வரும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் 19 நாள். அந்த வேகம்தான் இந்தப் பாகத்துக்குப் பொருந்தும்.

சலிப்பு தட்டுகிற இடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அங்கேதான் பொடி வைத்திருப்பார். முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். ஹாக்ரிட் பறக்கும் மோட்டார் பைக்கில் வந்து இறங்கி, இதை சிரியஸ் பிளாக் இரவல் கொடுத்தார் என்று போகிற போக்கில் சொல்வார். 1997இல் அது வெறும் பெயர். 1999இல் வந்த மூன்றாம் பாகமே அந்த மனிதரைச் சுற்றித்தான் நடக்கிறது. ஐந்தாம் பாகத்தின் 6ஆம் அத்தியாயத்தில் ஒரு பழைய வீட்டை ஒழித்துச் சுத்தம் பண்ணுவார்கள். அலமாரியிலிருந்து என்னென்ன சாமான் வெளியே வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

மேலூர் வாசகி: நார்னியா ஏழு புத்தகத்துல, செட்டுல 1ன்னு போட்டிருக்கறதை முதல்ல படிக்கலாமா?

வேண்டாம்மா. இப்போதைய பதிப்புகளில் 1 என்று இருப்பது 1955இல் ஆறாவதாக வெளிவந்த புத்தகம். கதை நடக்கிற காலவரிசைப்படி அதை முன்னால் வைத்திருக்கிறார்கள். அலமாரிக்குள் நுழைந்து நார்னியாவுக்குப் போகிற 1950 புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். பனிக்காட்டு நடுவில் தன்னந்தனியாக ஒரு விளக்குக் கம்பம் நிற்கும். அது அங்கே எப்படி வந்தது என்பதை ஆறாவது புத்தகம் சொல்கிறது. விடையை முதலில் படித்துவிட்டால் அந்தக் கம்பத்தைப் பார்த்து யாருக்கு வியப்பு வரும்?

வாடிப்பட்டி வாசகர்: லெ குயினோட எர்த்ஸீ இரண்டாம் பாகத்துல ஹீரோவையே காணோமே அக்கா?

வருவார், பொறுங்கள். கதை மூன்றில் ஒரு பங்கு தாண்டிய பிறகுதான் கெட் தலைகாட்டுவார். அதுவரை டெனார் என்ற பெண்ணின் கதை. சின்னப் பிள்ளையிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பாலைவனக் கோயிலில் பூசாரியாக வளர்ந்தவள். அவள் கண்ணுக்கு கெட் ஒரு திருடன். அவர் எப்படிப்பட்டவர் என்பது 1968இன் முதல் பாகத்தைப் படித்த உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 1971இல் வந்த இந்தப் பாகத்தின் சுவையே அந்த இடைவெளிதான். முதல் பாகத்தில் ஒரு கிழவி அவருக்குக் கொடுத்த உடைந்த உலோகத் துண்டு ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாயார்: பத்து வயசு மகன் ஹாரி பாட்டர் மூணு முடிச்சுட்டான். நாலாவது கொடுக்கலாமா?

நாலாம் பாகத்தின் முடிவில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். அது நடக்கிற கல்லறைக் காட்சி முழுவதும் கொடூரமானது. கொடுங்கள், ஆனால் 32 முதல் 34 வரை நீங்கள் முன்கூட்டியே படித்துவிட்டு, அவன் அங்கே வரும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் அந்த அத்தியாயங்கள் வேண்டாம்.

செல்லூர் வாசகர்: பழைய புத்தகக் கடையில வாங்குறப்ப எதைப் பாக்கணும்?

பக்க எண்ணை. புத்தகம் பெரும்பாலும் 16 அல்லது 32 பக்க ஃபாரங்களாகத்தான், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டுகளாகத்தான், கட்டப்படுகிறது. ஒரு ஃபாரம் விட்டுப்போனால் 208க்குப் பிறகு 225 வந்து நிற்கும், அல்லது அதே பக்கங்கள் இரண்டு தடவை வரும். திருட்டுப் பதிப்புகளில் இது சகஜம். தாள் மெல்லிசாக இருந்து பின்பக்க எழுத்து தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கடையிலேயே நின்று கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளி எண்களை ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. பிந்திய பாகங்கள் தடிமன் என்பதால் நடுமுதுகில் பசை விட்டிருக்கிறதா என்பதையும் விரித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.