சரபோஜி எழுதிய அஞ்சலி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சர்ச்சில் ஊழியம் செய்த உபதேசியார் போன மாதம் காலமானார். அப்பா இறந்த பிறகு என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, கல்லூரி வரை படிக்க வைத்தவர் அவர்தான். நாங்கள் இந்துக்கள், நான் இன்றும் அப்படித்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவு ஆராதனை. அதில் என்னைப் பேசச் சொல்லி அவருடைய மகள் கேட்டிருக்கிறார். அவர் செய்த உதவிகளை மட்டும் சொன்னால் பாதி மனிதரை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசினால் என் வாயில் அது பொய்யாகிவிடுமோ என்று பயம். போதாததற்கு என் நண்பன், ‘உன்னைப் படிக்க வெச்சதே மதம் மாத்தத்தான்டா’ என்கிறான். நான் என்ன பேசுவது?

எஸ்., தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

இதே சிக்கல் உங்களுக்கு முன்னால் ஒருவருக்கு இருந்தது, அதுவும் உங்கள் மாவட்டத்திலேயே. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியைச் சொல்கிறேன். அவர் அஞ்சலி எழுதியது கிறிஸ்டியான் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் போதகருக்கு. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அவரை சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள்.

1726-ல் பிரஷ்யாவில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழ் படித்தார். அப்புறம் திருச்சி, அப்புறம் தஞ்சாவூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊருக்குத் திரும்பிப் போகவும் இல்லை. 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே இறந்தார்.

1787-ல் துளஜா மன்னர் மரணப்படுக்கையில் இருந்தபோது, தத்தெடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியை சுவார்ட்ஸிடம் ஒப்படைக்கப் பார்த்தார். பையன் பெரியவனாகும்வரை ராஜ்யத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சுவார்ட்ஸ் மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கைக் கைகாட்டினார். அது வினையாகப் போயிற்று. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி அமர்சிங்கையே அரியணையில் ஏற்றியது. சிறுவன் வெளிச்சம் இல்லாத அறையில் படிப்புக்கு வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தான். சுவார்ட்ஸ் கம்பெனிக்கு எழுதி எழுதி அவனை வெளியே கொண்டுவந்தார், படிக்க ஏற்பாடு செய்தார். 1793-ல் அவனைச் சென்னைக்கு அனுப்பியதும் இதன் தொடர்ச்சிதான். தத்து செல்லும் என்று பிறகு முடிவாகி, சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798-ல். சுவார்ட்ஸ் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு. பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

உங்கள் நண்பரின் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மதம் மாற வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஆசைப்பட்டாரா? ஆசைப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை. சாவுக்கு முன் சரபோஜி பார்க்க வந்தபோது, நீதியாக நடந்துகொள், ஆடம்பரத்தில் விழாதே என்றெல்லாம் புத்தி சொன்னார். இயேசுவிடம் வர வேண்டும் என்ற தன் விருப்பத்தையும் சொன்னார். சரபோஜி வரவில்லை. கடைசிவரை சைவராகவே இருந்தார், பெரிய கோயிலில் தன் வம்ச வரலாற்றைக் கல்லில் வெட்டினார், காசிக்கு யாத்திரை போனார். இவர் தன் விருப்பத்தை விடவில்லை, அவர் தன் வழியை விடவில்லை, பாசம் மட்டும் இரண்டு பக்கமும் குறையவில்லை. போதகர் ஒருவர் தான் நல்லது என்று நம்புவதை நமக்கும் தர ஆசைப்படுவதில் சூது எதுவும் இல்லை. படிப்பை அதற்கு விலையாகக் கேட்டிருந்தால்தான் சூது. உங்களிடம் கேட்டாரா? நீங்கள் இன்றும் இந்துவாக இருக்கிறீர்கள், படித்தும் முடித்துவிட்டீர்கள். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

சுவார்ட்ஸ் இறந்ததும் சரபோஜி வந்தார். சவப்பெட்டியை மூடுமுன் முகத்தைப் பார்த்து அழுதார், உடல்மேல் ஜரிகைத் துணி போர்த்தினார். உடலை எடுத்துப் போகும்போது பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. தோட்டத்தில் கூடியிருந்த ஏழைகளின் அழுகைச் சத்தத்தில் பாடவே முடியவில்லை என்று உடனிருந்த போதகர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் நமக்கு வேண்டிய விஷயம். கல்லறைக் கல்லுக்காக சரபோஜி ஒரு செய்யுள் எழுதினார். அரண்மனைப் புலவர்களை விட்டு எழுதச் சொல்லியிருக்கலாம். தானே, அதுவும் ஆங்கிலத்தில் எழுதினார். கவிதையாகப் பார்த்தால் சுமார் ரகம், எதுகைக்காகக் கொஞ்சம் தடுமாறியிருக்கிறார். அதன் சாரம் இது: நீர் உறுதியானவர், பணிவானவர், அறிவாளி. நேர்மையும் தூய்மையும் உள்ளவர், வேஷம் அறியாதவர். அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு, எந்தத் துக்கத்திலும் ஆறுதல். இருளில் இருந்தவர்களுக்கு வெளிச்சம் கொடுத்தீர். சரியானதைச் செய்தீர், சரியானதைக் காட்டினீர். அரசர்களுக்கும் மக்களுக்கும் எனக்கும் ஆசீர்வாதமாக இருந்தீர். தந்தையே, உமக்குத் தகுந்தவனாக நான் இருக்க வேண்டும். இப்படி வேண்டிக்கொள்வது உமது சரபோஜி.

இதில் சரபோஜி நம்பாத வரி ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். இயேசுவின் பெயர் இல்லை, பரலோகம் இல்லை. ஆனால் போதகரை வெறும் தர்மவானாகவும் சுருக்கிவிடவில்லை. வெளிச்சம் கொடுத்தீர் என்கிறார், சரியானதைக் காட்டினீர் என்கிறார். போதகரின் வேலையே அதுதானே? தான் கண்ணால் பார்த்த அளவுக்கு அந்த விசுவாசத்தைச் சொல்லிவிட்டு, தான் போகாத இடத்துக்குப் போனதாகக் காட்டிக்கொள்ளாமல் நின்றுவிட்டார். உங்களுக்கும் அந்த அளவு போதும்.

1801-ல் சரபோஜி லண்டனில் இருந்த மிஷன் சங்கத்துக்கு எழுதி ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று கேட்டார். சுவார்ட்ஸ் பிரசங்கம் செய்த மேடைக்குப் பக்கத்துத் தூணில் அதைப் பதிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி செதுக்கினார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779-ல் கட்டிய சுவார்ட்ஸ் சர்ச்சில் இருக்கிறது. பார்த்ததில்லை என்றால் ஞாயிறுக்கு முன் ஒரு நடை போய்வாருங்கள். கட்டிலில் கிழவர் படுத்திருக்கிறார், அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. தலைமாட்டில் இன்னொரு போதகர், கால்மாட்டில் பள்ளிப் பிள்ளைகள். சிற்பத்திலும் சரபோஜி ராஜாவாகவேதான் நிற்கிறார்.

இன்னொன்று. உதவி வேறு, விசுவாசம் வேறு என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். அவ்வளவு சுலபமாகப் பிரியாது. துளஜா காலத்தில் வரிக்கொடுமை தாங்காமல் தஞ்சைக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மன்னர் கூப்பிட்டும் வரவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பருவம் தப்பிவிட்டது என்றாலும், ராத்திரி பகலாக உழைப்போம் என்றார்களாம். 1779-ல் கம்பெனி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியபோதும் இதே கதைதான். மற்றவர்களை நம்பாத மைசூர் ஹைதர் அலி, இவர் ஏமாற்றமாட்டார் என்று இவரை நம்பினார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த முந்நூறு ரூபாயைக்கூட சென்னைக்குத் திரும்பியதும் அதிகாரிகளிடம் நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். தூது பலிக்கவில்லை, அடுத்த வருடமே யுத்தம் வந்தது. ஆனால் பொய் சொல்லமாட்டார் என்று அவரை எல்லோரும் நம்பியது எதனால்? தினமும் அவர் யாருக்குக் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாரோ, அந்தக் கர்த்தரை அவர் மெய்யாகவே நம்பினார் என்பதால்தான். கர்த்தரை நம்பாதவனும் இதை ஒப்புக்கொள்ளலாம்.

உங்கள் உபதேசியாரிடமும் இப்படி ஒன்று இருந்திருக்கும். ஃபீஸ் கட்டப் பணம் இல்லாத மாதம் என்ன செய்தார்? யாரிடம் கேட்டார்? ஜெபம் பண்ணினாரா, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாரா, இரண்டுமா? அதைச் சொன்னால் அவருடைய விசுவாசமும் அதிலேயே வந்துவிடும், தனியாக ஒரு பத்தி தேவைப்படாது.

குறை சொல்லலாமா என்று கேட்கமாட்டீர்கள், ஆனால் யோசிப்பீர்கள். சுவார்ட்ஸிடமும் குறை உண்டு. அவருடைய சபையில் சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். தானாக மாறும் என்று விட்டுவைத்தார். மாறவில்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சுவார்ட்ஸ் வளர்த்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி விஷயத்தில் புது மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். வரலாறு எழுதுகிறவன் இதை விடக்கூடாது. நினைவு ஆராதனையில் பேசுகிறவருக்கு அந்த வேலை இல்லை. அதற்காக இல்லாத மகிமையைச் சேர்க்கவும் வேண்டாம். கோபக்காரர் என்றால் கோபக்காரர் என்றே சொல்லுங்கள். அவர் வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

நடைமுறையாகச் சில விஷயம். ‘சாட்சி’ சொல்லுங்கள் என்று அறிவித்தால் பதறாதீர்கள், பார்த்ததைச் சொல்வதும் சாட்சிதான். நான் இந்து என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அதன் பிறகு நீங்கள் சொல்வதற்கு எடை கூடும். பைபிள் வசனம் எதையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். ஜெபத்தோடு முடிக்கச் சொன்னால் அதை ஐயரவர்களிடம், அதாவது சபைப் போதகரிடம், விட்டுவிட்டு உட்காருங்கள். இந்தக் கூட்டங்களில் பேச்சு நீண்டுகொண்டே போகும், உங்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஐந்து நிமிஷம் போதும்.