இரண்டு வேளை பல் துலக்கியும் ஈறில் ரத்தம் வருவது ஏன்?

தினம் இரண்டு வேளை துலக்கியும் துப்பும்போது ரத்தம் வருகிறது, வாய் நாற்றமும் போகவில்லை, எந்த பேஸ்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பேஸ்ட்டை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் பிரஷ் வாயில் எங்கெங்கே போகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலோர் பல்லின் நடுப்பகுதியைத்தான் தேய்த்துத் தேய்த்து எடுக்கிறோம். நாக்கும் கன்னமும் உரசி அந்த இடம் தானாகவே ஓரளவு சுத்தமாகிவிடும். அழுக்கு தங்குவது பல்லும் ஈறும் சேரும் விளிம்பில், அப்புறம் பல் இடுக்கில்.

நகத்தால் சுரண்டினால் மாவாக வருமே, அந்த வெள்ளைப் படலம் முழுக்கக் கிருமிகள். அவற்றை எதிர்த்துத்தான் ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈறு லேசாகத் தொட்டாலே கசியும். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்கினால் படலம் இன்னும் தடிக்கும், ரத்தமும் கூடும். மென்மையாக, ஆனால் ஒரு நாளும் விடாமல் அங்கேயே துலக்குங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். (புகை பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும். ரத்தம் இல்லை என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.)

சின்னத் தலையுள்ள சாஃப்ட் பிரஷ் போதும். நாரின் நுனி ஈறு விளிம்பைப் பார்த்தபடி சுமார் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று பல்லை ஒரு பிடியாகக் கொண்டு, பிரஷை நகர்த்தாமல் இருந்த இடத்திலேயே பத்துப் பதினைந்து முறை சிறிதாக அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல் நுனி நோக்கி வழித்து விடுங்கள். அடுத்த பிடி. இப்படி வாய் முழுக்கச் சுற்றி வர இரண்டு நிமிடமாவது ஆகும்.

எப்போதும் விட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று கீழ் முன்பற்களின் உள்பக்கம். உமிழ்நீர்க் குழாய் பக்கத்திலேயே திறப்பதால் அங்கே காரை (அந்தப் படலம் இறுகிக் கல்லாவது) சீக்கிரம் படியும். பிரஷைச் செங்குத்தாக நிறுத்தி, முனையில் உள்ள நார்களால் கீழிருந்து மேலே வழிக்க வேண்டும். இன்னொன்று மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கம். வாயை ஆவென்று திறந்தால் தாடை எலும்பு முன்னால் வந்து வழியை அடைத்துவிடும். வாயைப் பாதி மூடி, கீழ்த்தாடையைக் கொஞ்சம் அதே பக்கமாக நகர்த்திப் பாருங்கள். பிரஷ் கடைசிப் பல் வரை தாராளமாகப் போகும்.

புது பிரஷ் ஒரு மாதத்திலேயே விரிந்து போகிறதென்றால் அழுத்தம் அதிகம். அழுத்தித் தேய்த்தால் ஈறு விலகி, வேர் வெளியே தெரிந்து, பல் கூசும். கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் இதே தேய்மானத்தைத்தான் கொண்டுவரும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதற்காகக் குச்சி பிடிப்பவர்கள், பல்லின் உள்பக்கத்துக்கு அது எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல் இடுக்குக்கு எந்த பிரஷும் போகாது. ஃப்ளாஸ் நூலை 45 செ.மீ. அளவுக்கு வெட்டி, இரு நடுவிரலிலும் சுற்றி, இடுக்கில் மெல்ல இறக்கி, ஒரு பல்லை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் இழுங்கள். பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அப்படியே. இடைவெளி பெரிதாக இருந்தால் இடுக்கு பிரஷ் இதைவிட நன்றாக வேலை செய்யும். ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம்.

இனி பேஸ்ட். அட்டையில் ஃப்ளோரைடு சுமார் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள், மற்றதெல்லாம் ருசிதான். பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்களில் குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்காமல் கட்டாயம் கவனிக்க வேண்டும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரால் மறுபடி மறுபடி கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். இரண்டு வேளையில் ஒன்றை விட்டே ஆக வேண்டுமென்றால் இரவை விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் பல்லுக்குக் காவல் இல்லை. இரவு துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்தான், பாலும் கூடாது.

நாற்றத்துக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதி. நாக்கை நன்றாக நீட்டி, வழிப்பானால் பின்னாலிருந்து முன்னால் மூன்று நான்கு தடவை லேசாக வழித்தால் போதும்.

ஏற்கெனவே இறுகிவிட்ட காரை எந்த பிரஷுக்கும் வராது, பல் மருத்துவர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. இப்படி கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயத்திலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஈறும் எலும்பும் முன்பே கரைந்து, அந்தக் காலி இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்திருக்கும். அதை எடுத்ததும் உள்ள நிலைமை வெளியே தெரிகிறது, அவ்வளவே. இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் ரத்தம் நிற்கவில்லை, சீழ் வருகிறது, பல் ஆடுகிறது என்றால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.