புல்வெளி காய்கிறது, ஓடை ஆழமாகிறது: குட்டை வெட்டலாமா?

கேள்வி: மலைமேல் எங்களுக்கு எட்டு ஏக்கர் மேய்ச்சல் புல்வெளி உண்டு. முன்பெல்லாம் மழை நின்று பல வாரங்கள் ஆனாலும் கால் வைத்தால் ஈரம் தெரியும். இப்போது நடுவே ஓடும் ஓடை இடுப்பளவு ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டது. கோரை போய் முள்செடி வந்துவிட்டது. பறவைகளும் குறைந்துவிட்டன. குட்டை வெட்டி, சுற்றிலும் மரக்கன்று நடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு ஓடையில்தான் இருக்கிறது. ஓடை கீழே இறங்கினால் இருபுறத்து நிலத்தடி நீரும் அந்த மட்டத்துக்கு வடிந்துவிடும். கோரையின் வேருக்கு நீர் எட்டாது. ஆழமாக வேர்விடும் புதர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் குட்டை வெட்டினால் ஓரிடத்தில் நீர் நிற்கும், புல்வெளி காய்ந்தபடிதான் இருக்கும். மரமோ மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும், புல்லுக்கு வெயிலையும் மறைக்கும்.

முதலில் ஒரு சோதனை. ஓடையிலிருந்து இருபது அடி தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் நீர் ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் மீண்டும் ஈரமாக நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்து, ஓடையோடு மேலே நடந்து போங்கள். ஓரிடத்தில் சின்ன அருவி போல ஒரு படி இருக்கும். ஒவ்வொரு பெருமழைக்கும் அது மண்ணைத் தின்றபடி மேல்நோக்கி நகரும். உங்கள் முதல் வேலை அங்கேதான். அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே என்ன கட்டினாலும் மேல்பக்கப் புல்வெளி அறுந்துகொண்டேதான் இருக்கும். நீர் குறைந்த மாதத்தில் அந்தப் படியைச் சரிவாக வெட்டி, கற்களை நெருக்கமாகப் பதியுங்கள். படி மூன்றடிக்கு மேல் இருந்தால் நீங்களாக இறங்காதீர்கள், மண்வளப் பொறியாளரை வரவழையுங்கள்.

கீழே ஓடையின் குறுக்கே ஒற்றைக் கல் உயரத்துக்கு மட்டும் தடுப்பு போடுங்கள்; நீர் ஓடும் திசையில் நாலைந்து வரிசை வரட்டும். வறண்ட நிலத்து ஓடைகளைச் சீரமைத்த அமெரிக்கர் பில் ஸீடைக் பரவலாக்கிய முறை இது. உயரமாகக் கட்டத்தான் கை போகும், அதை அடக்குங்கள். உயரத் தடுப்பை வெள்ளம் சுற்றிப் போய்க் கரையை அறுத்துவிடும். தாழ்ந்த தடுப்பில் வண்டல் படியும், அதில் கோரை முளைக்கும், அப்புறம் அதன்மேல் அடுத்த கல் அடுக்கு. ஓடைப் படுகையிலிருந்தே கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள். நீரோட்டத்தில் கைவைக்கும் முன் உள்ளூர் அனுமதி விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடுகளை முதல் இரண்டு வளர்ச்சிப் பருவங்களுக்கு ஓடையோரம் விடவே வேண்டாம். பிறகு விடும்போதும், குளம்பு பதிந்த இடத்தில் குழி விழுந்து நீர் ஊறினால் உடனே வெளியேற்றிவிடுங்கள். மேய்ந்து முடித்தபின் நாலு விரல்கட்டைக்குக் குறையாமல் புல் நிற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் உப்புக்கட்டியையும் மேட்டில் வையுங்கள், மாடு தானாக அங்கே ஒதுங்கும். தொட்டிக்குள் ஒரு சாய்வுக் கல்லும் இருக்கட்டும். தவறி விழும் குருவியும் தவளையும் ஏறிவர அது ஒன்றுதான் வழி.

வேலி போட்டால் அடிக்கம்பி முள் இல்லாததாக, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வரட்டும். மான் குட்டி நுழைந்து போகும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, குஞ்சுகள் பறக்கும்வரை புல் அறுப்பைத் தள்ளிப்போடுங்கள். அறுக்கும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் வாருங்கள். ஓரத்திலிருந்து சுற்றி வந்தால் குஞ்சும் முயலும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மரம் நட்டே ஆக வேண்டுமென்றால் புல்வெளிக்கு வெளியே, பழைய காட்டோரத்தில், அந்த மலைக்கே உரிய வகைகளை நடுங்கள்.

ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இன்றைக்கே ஓடையோரம் நட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை குச்சி விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். ஒரு வருட அளவு கையில் இருந்தால் அடுத்த வரிசைக் கல்லை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.