ஓரடி நிலமும் இல்லை

அன்புள்ள ஐயா,

ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட தேசம் எகிப்தின் நதி முதல் ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வரை என்கிறது ஆதியாகமம் 15. எண்ணாகமம் 34-இலோ கிழக்கு எல்லை யோர்தானோடு நின்றுவிடுகிறது. ஞாயிறு பள்ளிக்காக இரண்டையும் வரைந்த என் மகள், எது சரி என்று கேட்டாள். வேதத்தைச் சந்தேகிக்காதே என்று நோட்டை மூடிவைத்துவிட்டேன். எதுதான் சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த நோட்டை மகளிடம் கொடுங்கள். இரண்டு அதிகாரங்களை அருகருகே வைத்துப் பார்க்கிற பிள்ளை வேதத்தை மதிக்கிற பிள்ளை. அவளை அதட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஐபிராத்து விஷயம் பெரிய சிக்கல் இல்லை. அந்த நதிவரையுள்ள ராஜ்யங்கள் சாலொமோனுக்குக் கப்பம் கட்டியதாக இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. கப்பம் வந்த நாடுகள் வேறு, ஜனங்கள் குடியிருந்த நிலம் வேறு. குடியிருந்த நிலத்தை வேதம் வடகோடி முதல் தென்கோடி வரை என்ற பொருளில் 'தாண் முதல் பெயெர்செபா வரை' என்றுதான் வழக்கமாகச் சொல்கிறது.

ஆனால் எல்லை எதுவரை என்று கேட்கிறவர்கள் ஏன் உபாகமம் 2-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள்? எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம். வனாந்தரத்திலிருந்து வரும் ஜனங்களுக்கு வழியில் ஏதோம், மோவாப், அம்மோன் நாடுகள். அங்கே போர் செய்யாதே, ஓரடி நிலமும் உனக்கு இல்லை என்கிறார் கடவுள். ஏதோமின் சேயீர் மலையை, யாக்கோபின் அண்ணன் ஏசாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தவரும் அவரே. மற்ற இரண்டும் ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்தின் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்தவை. ஏதோமில் சாப்பாட்டையும் தண்ணீரையும் காசு கொடுத்து வாங்கவேண்டும். எங்கள் அம்மா இரவு ஜெபத்தில் வேதத்தை வரிசையாக வாசிப்பார். தண்ணீருக்குக் காசு என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசிப்பார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த அதிகாரம் அதோடு விடவில்லை. ஏசாவின் பிள்ளைகள் சேயீரில் முன்பு குடியிருந்த ஓரியரைத் துரத்திவிட்டுக் குடியேறியதைச் சொல்லி, இஸ்ரவேல் தன் தேசத்தில் செய்ததும் அதுபோலத்தான் என்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் ஒருபடி மேலே போகிறார்: இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர்தான் பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தார். அக்கம்பக்கத்தாருக்கும் அவர்தான் நிலம் பங்கிட்டார் என்றால், எல்லைக்கோடு இஸ்ரவேலைப் பார்த்து 'இங்கே நில்' என்றும் சொல்கிறது. வாக்குத்தத்தத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இந்தக் கட்டளையை விட்டுவிடுவது பாதி வேதத்தைக் கிழித்துப்போடுவது. அப்படிப் பிரசங்கிப்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதே அதிகாரத்தின் முடிவில் எமோரியரின் ராஜாவான சீகோனின் பட்டணங்கள் குழந்தைகளோடு அழிக்கப்படுகின்றன. அதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். அந்த வரிகள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

அப்புறம் எசேக்கியேல் 47. நிலம் கையைவிட்டுப் போய் பாபிலோனில் சிறையிருந்த காலத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி எல்லையைத் திரும்ப வரைகிறார். கிழக்கே அதே யோர்தான். ஆனால் உள்ளே பங்கு போடும்போது, உங்கள் நடுவில் தங்கிப் பிள்ளைபெற்ற அந்நியரும் சுதேசிகளைப் போலவே என்கிறார். எந்தக் கோத்திரத்தோடு தங்கியிருக்கிறார்களோ, அந்தக் கோத்திரத்திலேயே அவர்களுக்கும் சுதந்தரம், அதாவது நிலப்பங்கு, கொடுக்கவேண்டும்.