ரஷ்யாவில் மருத்துவம் வேண்டாம், மகன் காப்புறுதி படிக்கட்டும்

தலவாக்கலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளிதான் மருத்துவ பீடத்துக்குப் போதவில்லை. ரஷ்யாவுக்கு அனுப்பிவிடு என்று கொழும்பு அண்ணன் சொல்கிறார். அதற்கு உங்கள் ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கப் பார்க்கிறீர்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று என்னால் எழுத முடியாது. இந்த யோசனை தவறு. அங்கே படித்து முடித்து வந்தாலும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இலங்கை மருத்துவ சபை வைக்கும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேற வேண்டும், உள்ளகப் பயிற்சி அதன் பிறகுதான். கொழுந்து பறித்துச் சேர்ந்த காசு அது. பிள்ளை கேட்காத படிப்புக்காக அதைத் தொடாதீர்கள். அண்ணன் பாதியாவது போடுவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாகக் குறையும்.

ஐ.டி., ஆசிரியர் கலாசாலை, தாதியர் பயிற்சி பற்றியெல்லாம் ஊரே சொல்லும், நான் விடுகிறேன்.

மச்சானோடு கல்யாண வீடியோ எடுக்கத் திரிகிறான் என்று குறைப்பட்டிருந்தீர்கள். அதே கடிதத்தில், எந்த லென்ஸ் யாரிடம் போனது, எது கீறலோடு திரும்பியது என்று கொப்பியில் குறித்து வைக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்துக்குச் சம்பளம் கொடுக்கும் தொழில் ஒன்று உண்டு: படத் தயாரிப்புக் காப்புறுதி.

மலைநாட்டுக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. கித்துல்கலையில் களனி கங்கை மேல் நிஜப் பாலம் கட்டி, ரயிலோடு தகர்த்து எடுத்த ஆங்கிலப் படம் 1957இல் வெளிவந்தது. இன்று ஒரு குழு நானுஓயாவுக்கு வருகிறது என்று வையுங்கள். கதாநாயகன் காய்ச்சலில் படுத்தால் அதனால் கூடும் ஹோட்டல், வாகன, கூலிச் செலவுகளைத் தருவது நடிகர் காப்புறுதி. அதற்கு அவர் முன்கூட்டியே வைத்தியப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வாடகைக் கமரா பள்ளத்தில் விழுந்தால் கருவிக் காப்புறுதி. விளக்குத் தூண் சரிந்து யாருடைய தகரக் கூரையையாவது உடைத்தால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி; ட்ரோன் என்றால் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டும். எடுத்த காட்சிகள் ஹார்ட் டிஸ்க்கோடு அழிந்தால் அதற்கு ஒன்று. படம் வந்த பிறகு என் கதையைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு வந்தால் இன்னொன்று. மழையால் நிற்கும் நாளுக்கு வழக்கமான காப்புறுதி பணம் தராது, தனியாக எடுக்க வேண்டும். தென்மேல் பருவமழை நேரத்தில் ஹட்டன் பக்கம் வருகிறவருக்கு அதை எடுத்துச் சொல்ல, நம் மழையை அறிந்த ஆள்தான் சரி.

இதற்கெல்லாம் எவ்வளவு பிரீமியம் என்று கணிக்கும் காப்புறுதிக் கம்பனி ஆள் முதலில் திரைக்கதையைத்தான் படிப்பார். நெருப்பு, தண்ணீர், சண்டை, யானை எந்தக் காட்சியில் வருகிறது என்று கோடு போடுவார். 2020 பெப்ரவரியில் சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். கிரேனை இயக்குவது யார், அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று முன்பே கேட்பதும் இந்த வேலைதான். அதே வருடம் காப்புறுதிக் கம்பனிகள் கொரோனாவால் வரும் நட்டத்துக்குப் பணம் தர முடியாது என்று ஒதுங்கின. படப்பிடிப்புகள் மறுபடி தொடங்க பிரித்தானிய அரசு 50 கோடி பவுணில் ஒரு திட்டமே போட வேண்டி வந்தது. காப்புறுதி இல்லாவிட்டால் கமரா உருளாது, அம்மா.

இதற்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். கண்டியிலோ ஹட்டனிலோ ஒரு பொதுக் காப்புறுதிக் (ஆயுள் காப்புறுதி அல்லாத) கம்பனிக் கிளையில் பயிலுநராகச் சேரட்டும், முதலில் வாகன விபத்துக் கோரிக்கைகளில் கை பழகட்டும். படத் தயாரிப்புப் பக்கம் போகச் சில வருடம் ஆகும். அது கொழும்பிலோ வெளிநாட்டிலோதான் அமையும். லண்டன் சார்ட்டர்ட் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் பரீட்சைகளை வேலை செய்துகொண்டே ஒவ்வொரு பாடமாக எழுதலாம்: சான்றிதழ், டிப்ளோமா, பிறகு ஏ.சி.ஐ.ஐ. என்ற உயர்நிலைத் தகுதி. கட்டணம் பவுணில். சம்பளம் தாங்குகிற அளவுக்கே பாடம் எடுக்க வேண்டும், கடன் கூடாது. ஆங்கில வகுப்பு இந்த மாதமே தொடங்கட்டும். படிக்க வேண்டிய ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை. காப்புறுதி வேலை என்று சொல்லி, சொந்தக்காரர் வீடு வீடாக ஆயுள் காப்புறுதி விற்க அனுப்பும் முகவர் வேலையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம் எழுதியிருக்கிறதா, கமிஷன் மட்டுமா என்று நீங்களே பார்த்த பிறகு மகன் கையெழுத்துப் போடட்டும்.