போடி மலைப்பாதைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேனி மாவட்டம் போடியின் ஏலக்காய் மார்க்கெட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மலையிலிருந்து போடிக்கு இறங்கும் பாதைகள் எல்லாம் யாரோ மூட்டை தூக்கி உண்டாக்கியவை என்று அதில் எழுதியிருந்தீர்கள். அது மனதில் நின்றுவிட்டது.

என் மைத்துனர் பிரிட்டனில், வேல்ஸில் ஆபர்கவென்னி என்ற சந்தை ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறார். போன வருடம் அங்கே போயிருந்தேன். ஊரைச் சுற்றி மூன்று மலைகள். கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு மூன்றிலும் ஏறி இறங்கினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் எங்களைத் தடுக்கவும் இல்லை. அடுத்தவர் வயலுக்கு நடுவிலேயே பாதை போகிறது.

ஊர் திரும்பியதும் போடியிலிருந்து குரங்கணி வழியாக மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற ஊருக்கு நடக்க வேண்டும் என்று ஆசை வந்தது. விசாரித்தால் அனுமதி, கட்டணம், வழிகாட்டி என்று அடுக்குகிறார்கள். "விடியறதுக்குள்ள ஏறிட்டா யாருக்கும் தெரியாது" என்கிறார் நண்பர். நம் நாட்டு மலையில் நாம் நடப்பதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? போடியைச் சுற்றி எந்தெந்தப் பாதைகளில் நடக்கலாம்? பதின்மூன்று வயது மகளையும் அழைத்து வரலாமா? எந்த மாதம் நல்லது?

ஒரு வாசகர், தாராபுரம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் யோசனையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தயவுசெய்து அப்படி ஏறாதீர்கள். மகளோடு நிச்சயமாகக் கூடாது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த நடைப்பயணிகள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் நிறையப் பேர். தகவல் தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் அந்த மலையடிவார ஊர்க்காரர்கள்தான். ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன. போர்வையைத் தொட்டில்போலக் கட்டி ஆட்களைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். அந்த ஊர்களில் அந்த இரவைப் பற்றி இன்றைக்கும் யாரும் சட்டென்று பேச்சை எடுப்பதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவில் எரியும்போது அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆளுயரம் வளர்ந்து காய்ந்த புல், செங்குத்தான சரிவு, மலைக்காற்று, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மேல்நோக்கி ஓடித் தப்பிக்க யாராலும் முடியாது. பழக்கமில்லாதவர் அந்த நேரத்தில் மேல்நோக்கித்தான் ஓடுவார். எந்த ஓடை இன்னும் ஈரமாக இருக்கிறது, எந்தப் பாறைவெளியில் புல் இல்லை என்று அந்த மலையில் வாழ்கிறவருக்குத் தெரியும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இந்த அறிவுக்குத்தான். அனுமதிச் சீட்டு தீயை அணைக்கப் போவதில்லை. ஆனால் மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்கும். விடிவதற்குள் திருட்டுத்தனமாக ஏறினால் இந்த இரண்டையுமே நீங்களாக விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சரி, வேல்ஸுக்கு வருகிறேன். நீங்கள் ஏறிய மூன்று மலைகளில் உயரமானது சுகர் லோஃப், 596 மீட்டர். ப்ளோரெஞ்ச் 561, ஸ்கிரிட் 486. எல்லாமே திறந்த வெளி, ஆடு மேயும் குன்றுகள். யானை, காட்டுமாடு, கரடி எதுவும் கிடையாது. இங்கே டாப் ஸ்டேஷனே 1,700 மீட்டருக்குக் குறையாது. கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே நடந்த மாதிரியே இங்கேயும் வரைபடத்தை மட்டும் நம்பி நடக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. வயலுக்கு நடுவே போகும் அந்தப் பாதை அங்கே தானாகக் கிடைத்த உரிமை இல்லை. ஊரார் சந்தைக்கும் கோயிலுக்கும் வேலைக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த வழிகள் அவை. நிலக்காரர்கள் அடைத்தபோது மக்கள் சண்டை போட்டார்கள். இங்கிலாந்தில் 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் மலையில் சில நூறு பேர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-இல் வந்த சட்டம் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கும் பொதுப்பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. மேய்ச்சல் மலைகளிலும் திறந்த வெளிகளிலும் பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமை 2000-இல் வந்த சட்டத்தால்தான் கிடைத்தது. பழைய ஆவணங்களைத் தேடி, விட்டுப்போன பாதைகளைப் பதிவு செய்யும் வேலையை இன்றும் அங்கே தன்னார்வலர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நம்மிடம் இல்லாதது இந்தக் கணக்கெடுப்புதான். அனுமதி முறையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் போடியிலிருந்து எந்தெந்த ஊருக்கு எந்தெந்த நடைபாதை போகிறது, அது எங்கே பிரிகிறது, எந்த ஊற்றில் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் இன்று வயதானவர்களின் கால்களில் மட்டும்தான் இருக்கிறது. சாலை வந்த ஊர்களில் பாதை பத்தே வருடத்தில் புதர் மண்டிப் போகிறது. இதை யாராவது எழுதி வைக்க வேண்டும். வனத்துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து செய்தால் ரொம்ப நல்லது. அவர்கள் செய்யும்வரை உங்களைப் போல நடக்க வருகிறவர்கள் வழிகாட்டியிடம் கேட்டு இடப்பெயர்களையாவது குறித்து வைக்கலாம்.

நீங்கள் கேட்கும் டாப் ஸ்டேஷன் பாதையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அந்த மலை வேறு மாதிரி தெரியும். மூணாறுத் தேயிலையை வெளியே கொண்டுபோகச் சரியான சாலை இல்லாத காலம். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று போட்டார்கள். 1908-இல் அதை மாற்றிச் சின்ன ரயில் பாதையாக்கினார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் அதில் வரும். அங்கிருந்து மலை சரேலென்று விழுகிறது, ரயில் இறங்க முடியாது. அதனால் ரோப்வே கட்டி, பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டுக் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறக்கினார்கள். பிறகு மாட்டுவண்டியில் போடி. அங்கிருந்து சமவெளிக்கும் துறைமுகத்துக்கும்.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். அந்தச் சின்ன ரயில் அதோடு போயிற்று, திரும்பக் கட்டவே இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மலைமேல் ரயில் அழிந்து நான்கு வருடம் கழித்துத்தான் மலையடிவாரத்துக்கு ரயில் வந்து சேர்ந்தது! அந்தப் போடி ரயிலும் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனதால் நின்று, 1950-களில் திரும்ப வந்து, அகலப்பாதை வேலைக்காகப் பத்து வருடத்துக்கு மேல் நின்று, 2023 ஜூனில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நீங்கள் மதுரை வந்து அதிலேயே வரலாம்.

இவ்வளவு மாற்றத்திலும் நடைபாதை மட்டும் அப்படியே இருந்தது. குரங்கணியிலிருந்து சென்ட்ரல் என்ற மலையூர் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வண்டியில் போவதென்றால் போடிமெட்டு ஏறி மூணாறு போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், போடியிலிருந்து நூறு கிலோமீட்டர் ஆகும். மேலே இருப்பவர்களுக்கு ரேஷன் கார்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை எல்லாம் தேனி மாவட்டம். அதனால்தான் இந்தப் பாதையில் சாமான் ஏற்றிய குதிரைகள் எதிரே வரும். சாலை வேண்டும் என்று அவர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அழகாகத் தெரியும் பாதை அவர்களுக்குப் பிரசவ வலியில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பாதை. சாலை வந்தால் மலை கெட்டுவிடும் என்று அவர்களிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

குதிரை வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். மூட்டை இடித்தால் பள்ளத்துப் பக்கம் நிற்பவர்தான் விழுவார். மூட்டைக்காரருக்கு எப்போதும் வழி விடுங்கள். முதுவாக்குடி போன்ற ஊர்களுக்குள் போனால் வீடுகளையும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள். அங்கே வாழும் பழங்குடியினரான முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நாம் வெறும் விருந்தாளிகள்.

இதே மாதிரி உழைப்பாளிகளின் பாதைகள் போடியைச் சுற்றி நிறைய உண்டு. வடக்கே அகமலைப் பக்கம் ஊரடி, ஊத்துக்காடு போன்ற ஊர்களிலிருந்து காபியும் இலவம்பஞ்சும் குதிரை மேல் இறங்கும். தெற்கே தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கும் கோம்பையிலிருந்து ராமக்கல்மெட்டுக்கும் பாதைகள் ஏறுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கால்நடையாக ஏறிய வழிகள் இவை. இப்போது பெரும்பாலும் ஜீப்பில் போடிமெட்டு, கம்பம்மெட்டு சுற்றித்தான் போகிறார்கள். விடியற்காலையில் போடியில் அந்த ஜீப்புகளைப் பார்க்கலாம், உட்கார இடமில்லாமல் பெண்கள் நெருக்கிக்கொண்டு போவார்கள். நம் பாயசத்தில் விழும் ஏலக்காய் அவர்கள் பறிப்பது.

இனி நீங்கள் எங்கே நடக்கலாம் என்பது. முதல் நாளே குரங்கணிக்கு ஓடாதீர்கள். போடிக்குள்ளேயே பரமசிவன் மலைக்கோயில் இருக்கிறது. காலையில் மகளோடு ஏறுங்கள், ஊர் முழுக்கத் தெரியும், மேற்கே நீங்கள் ஏறப்போகும் மலையும் தெரியும். அப்புறம் முந்தல் வரை போய், அணைப்பிள்ளையார் கோயில் தடுப்பணையைப் பாருங்கள். முந்தலில்தான் போடிமெட்டுச் சாலையும் குரங்கணிச் சாலையும் பிரிகின்றன. குரங்கணிச் சாலையில் மாந்தோப்பும் இலவமரமுமாகப் போகும், கொட்டகுடி ஆறு கூடவே வரும். வண்டிகள் குறைவு. வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். நாளுக்குச் சில பேருந்துகள்தான், நேரத்தைப் போடியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் போவதற்கு, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைப் பாருங்கள். மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். குரங்கணி–சாம்பலாறு பாதை அதில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு முதல் மலைநடையாக அதைத்தான் சொல்வேன். பிள்ளைகளுக்கான வயது விதியைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். டாப் ஸ்டேஷன் பாதைக்குத் தேனியில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். கொடுத்தால் போங்கள், இல்லை என்றால் சாம்பலாற்றோடு திருப்திப்படுங்கள்.

நேரக்கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன வழி இன்றும் உதவும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கூடுதலாக அரை மணி. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். கணக்குப்படி நான்கு மணி நேரம் வரும். அது நல்ல நடைக்காரருக்கு, ஓய்வில்லாமல். நீங்களும் மகளும் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் சரிவரும். அதே வழியில் இறங்குவதாக இருந்தால் ஒரே நாளில் வேண்டாம். களைத்த முழங்காலுக்கு இறக்கம்தான் பகை.

மாதம் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய. போடிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மலை மறைத்துவிடும், சாரலும் பலத்த காற்றும்தான். எங்களுக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது பாதை வழுக்கும், அட்டை ஏறும், ஓடைகள் ஒரு மணி நேரத்தில் பொங்கும். மழை நின்று புல் இன்னும் பச்சையாக இருக்கும் அந்த நாட்கள்தான் நடப்பதற்கு. பிப்ரவரி பாதியிலிருந்து மலை காய ஆரம்பித்துவிடும். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடும்போது சண்டை போடாதீர்கள். குறிஞ்சி பார்க்க ஆசை இருந்தால் 2018-இல் பூத்தது அடுத்து 2030-இல், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. மகளுக்கு அப்போது எத்தனை வயது என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கடலைமிட்டாய், முழுக்கைச் சட்டை, நன்றாகப் பழகிய ஷூ. புது ஷூ வேண்டாம். தீப்பெட்டியும் சிகரெட்டும் போடியிலேயே இருக்கட்டும். அனுமதிச் சீட்டைப் போனில் மட்டும் நம்பியிருக்காமல் ஒரு பிரதியும் எடுத்து வாருங்கள், மேலே சிக்னல் கிடைக்காது.

தேதி முடிவானதும் எழுதுங்கள். ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளாகப் பார்த்து வந்தால், மலை ஏறுவதற்கு முந்தின நாள் தரம் பிரிக்கும் இடத்தையும் உங்கள் மகளுக்குக் காட்டச் சொல்லி ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்.